ஃபுயி என்றால் போனேனா, இருந்தேனா?

மண்டபத்துத் தம்பி ஒருவரின் கேள்வி, 17 ஏப்ரல் 2025

அண்ணே, ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு. நிகழ்காலம் ஓரளவு வந்துருச்சு, இறந்தகாலத்துல மாட்டிக்கிட்டேன். ‘ஈர்’னா போ. ‘செர்’னா இரு. ரெண்டுக்கும் இறந்தகாலம் ‘ஃபுயி’ன்னு ஆப் காட்டுது. ஆப்ல பிழையா, எனக்குத்தான் புத்தி மழுங்கிருச்சா? போனேனுக்கும் இருந்தேனுக்கும் ஒரே சொல்ல வச்சுக்கிட்டு அந்த ஊர்ல எப்படிப் பேசிக்கிறாங்க?

17 ஏப்ரல், இரவு 10.20

பிழை இல்லை தம்பி. ஃபுயி, ஃபுயிஸ்தே, ஃபுவே, ஃபுயிமோஸ், ஃபுவேரோன். இந்த ஐந்தும் ‘போ’வுக்கும் உண்டு, ‘இரு’வுக்கும் உண்டு. ஓர் எழுத்துகூட மாறாது. ஒரு வினையைப் படித்த செலவில் இரண்டு கிடைத்தது என்று வைத்துக்கொள்.

நான் இலக்கணம் படித்தவன் இல்லை. சரக்குக் கப்பலில் மெஸ்மேன், அதாவது சாப்பாடு பரிமாறித் தட்டு கழுவுகிற ஆள். மூன்று காண்ட்ராக்ட் தென் அமெரிக்கப் பக்கம் ஓடினேன், பெரு நாட்டு போசன் (டெக் ஆட்களுக்குத் தலைவர்) ஒருவரிடம் கேட்டுக் கேட்டுப் பழகின ஸ்பானிஷ் இது. இப்போது தங்கச்சிமடத்தில் வீட்டோடு இருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில்தான். ஊரில் எல்லாரிடமும் நேரம் கிடக்கிறது, என்னிடமும்.

என்னைக் கேட்டால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதுசே இல்லை. ‘போன வாரம் ராமேஸ்வரம் போயிருந்தேன்’ என்கிறோம். அதில் போனதும் இருக்கிறது, இருந்ததும் இருக்கிறது. அவர்கள் இரண்டையும் அம்மியில் வைத்து அரைத்து ஒரே உருண்டையாக்கி ஃபுயி என்கிறார்கள். அவ்வளவுதான்.

18 ஏப்ரல், காலை

நேற்று எழுதியதில் பெரிய ஞானி மாதிரிப் பேசிவிட்டேன். இதே ஃபுயியில் நான் அசிங்கப்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன்.

காயாவ் துறைமுகம், பெரு. கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. முந்தின நாள் எங்களில் நாலைந்து பேர் லாஞ்சில் ஏறி ஊருக்குள் போய்வந்தோம். மறுநாள் காலை நான் கேலியில், அதாவது கப்பல் சமையலறையில், தட்டு கழுவிக்கொண்டிருக்கிறேன், போசன் வாசலில் வந்து நிற்கிறார். கையில் மில்க்மெய்ட் மாதிரி ஒரு பால் டின். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுகிறார், ஒரு சொட்டு விழவில்லை. விளிம்பில் ஒரு ஈ மட்டும் உட்கார்ந்திருக்கிறது. கேட்டார்: “ஃபுயிஸ்தே தூ?”

ஃபுயிஸ்தே என்றால் ‘நீ போனாய்’ என்று அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தேன். ஆஹா, ஊருக்குப் போனாயா என்று கேட்கிறார், பாடம் உதவுகிறது என்று பூரித்துப்போய், “சீ, சீ, ஃபுயி! முய் போனீத்தோ!” என்றேன். ஆமாம் ஆமாம், போனேன், ரொம்ப அழகு.

அவர் கேட்டது ‘நீதானா அது?’ என்று. டின்னைக் காலி பண்ணினவன் நீதானா என்று. நான் சொன்னது அவர் காதில் ‘ஆமாம், நான்தான், ரொம்ப அருமை’ என்று விழுந்திருக்கிறது.

பால் குடித்தது நான் இல்லை. இன்றுவரைக்கும் யாரென்று தெரியாது. அந்தக் காண்ட்ராக்ட் முடிகிறவரை கப்பலில் என் பெயர் முய் போனீத்தோ. அங்கே சூரை இனத்து மீன் ஒன்றுக்கும் போனீத்தோ என்றுதான் பெயர், அதனால் சூரைக் கருவாட்டைப் பார்த்தால் இப்போதும் யாரோ என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

நான் சொல்லியிருக்க வேண்டியது “யோ நோ ஃபுயி”. நான் இல்லை. அங்கே கண்ணாடியை உடைத்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் முதலில் சொல்வது இதுதான்.

19 ஏப்ரல்

கீழக்கரை பாய் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். துபாயில் ஸ்பானிய முதலாளியிடம் எட்டு வருடம் இருந்தவர். ‘போயிருந்தேன் கதையெல்லாம் கேட்க நல்லா இருக்கு, ஆனா தப்பு’ என்கிறார்.

தப்புதான். ஒத்துக்கொள்கிறேன்.

‘ராமேஸ்வரத்தில் இருந்தேன்’ என்பதற்கு ஃபுயி வராது. அதற்கு ‘எஸ்தார்’ என்று வேறு ஒரு வினை, எஸ்தூபே என்று வரும். ஓர் இடத்தில் இருப்பது எஸ்தார், இன்னாராக, இன்னதாக இருப்பது செர். ‘சமையல்காரனாக இருந்தேன்’ என்றால்தான் செர், ஃபுயி. ஆக, என் போயிருந்தேனில் உள்ள ‘இருந்தேன்’ ஃபுயியே இல்லை. அரைத்த உருண்டையைத் திரும்ப அம்மியிலேயே வைத்துவிடுகிறேன்.

அதற்குப் பதில் ஒரு சுலபமான வழி. தமிழில் ‘-ஆக இருந்தேன்’ என்று வந்தால் செர், ‘-இல் இருந்தேன்’ என்று வந்தால் எஸ்தார்.

19 ஏப்ரல், அரை மணி நேரம் கழித்து

அதுவும் ஓட்டை. ‘களைப்பாக இருந்தேன்’ எஸ்தார்தான். அப்போதைக்கு வந்துபோகிற நிலை. யார், என்ன, என்ன தொழில், என்ன உறவு என்ற கேள்விக்குப் பதிலாக வரும் ‘-ஆக’ செர் என்று திருத்திக்கொள்ளவும்.

20 ஏப்ரல்

பாய் விடமாட்டேன் என்கிறார். ‘கல்யாணம் ராமநாதபுரத்தில் இருந்தது’ என்றால் என்ன செய்வீர் என்று கேட்கிறார். ‘-இல்’ இருக்கிறது, ஆனாலும் எஸ்தார் வராது, ஃபுவே வரும். விசேஷம், கூட்டம், சண்டை எல்லாம் ஓர் இடத்தில் நடந்தது என்றால் செர்.

பாய், நாம் அதை ‘இருந்தது’ என்று சொல்லமாட்டோம், ‘நடந்தது’ என்போம். அங்கே ‘நட’ வந்துவிட்டதே, அதுவே ஒரு மாதிரி போவதுதானே! (இதைச் சிரிக்கத்தான் சொன்னேன். நாளைக்கு இதையும் வந்து உடைக்கவேண்டாம்.)

சரி, மண்டபத்துத் தம்பி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எப்படிக் குழப்பமில்லாமல் பேசிக்கொள்கிறார்கள்? பக்கத்துச் சொல்லைப் பார். ‘ஃபுவே மேதிகோ’ என்றால் டாக்டராக இருந்தார். ‘ஃபுவே அல் மேதிகோ’ என்றால் டாக்டரிடம் போனார். நடுவில் ஒரு ‘அல்’, ‘அ’வும் ‘எல்’லும் சேர்ந்தது. நம்முடைய ‘-இடம்’, ‘-க்கு’ செய்கிற வேலையை அது செய்கிறது. போன இடத்தைச் சொன்னால் ‘அ’ வரும், ‘அ’ வந்தால் அது ‘போ’. என் கேலிக் கதையில் போசன் ‘அ’ போடவில்லை. அதைக் கவனித்திருந்தால் முய் போனீத்தோ ஆகியிருக்கமாட்டேன்.

20 ஏப்ரல், இரவு

ஏன் இப்படி ஆனது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். லத்தீனில் ‘இரு’ என்ற வினையின் இறந்தகாலம் ஃபுயி. ‘போ’வுக்குத் தனியாக ஈவி என்று ஒன்று இருந்தது. வழியில் அது உதிர்ந்துபோக, ‘போ’ பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. போர்ச்சுகீசியத்திலும் இதே கதைதான். உண்மையில் ஸ்பானிஷ் ‘போ’ மூன்று லத்தீன் வினைகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. ஈர், ஈபா (இன்னோர் இறந்தகாலம், பிறகு சொல்கிறேன்) ஒரு துணி. போய், பாஸ், பா (போகிறேன், போகிறாய், போகிறான்) இன்னொரு துணி. ஃபுயி மூன்றாவது.

21 ஏப்ரல்

எதிர்பார்த்தேன். ‘போய்’ என்று எழுதினவுடன் ஒருவர் வந்துவிட்டார். ‘நான் போகிறேன்’ என்பதற்கு ஸ்பானிஷில் போய், தமிழிலும் போய், ஆகவே ஸ்பானிஷ் தமிழிலிருந்து வந்தது என்று.

ஐயா, அது எழுத்தில் வகரம், லத்தீனில் ‘வாதோ’. ஸ்பானிஷில் வகரமும் பகரமும் ஒரே ஒலியாகிவிட்டதால் நம் காதில் ‘போய்’ என்று விழுகிறது. ‘அவன் போகிறான்’ என்பது எழுத்தில் ‘வா’. அப்படியானால் நாம் வா என்றால் அவர்கள் போவார்கள். இந்த ஆராய்ச்சியை இத்தோடு விட்டுவிடலாம்.

26 ஏப்ரல்

பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாடநூலில் ஃபுவேயின் கடைசி எழுத்துக்கு மேல் ஒரு சாய்கோடு இருப்பதாகத் தொண்டியிலிருந்து ஒருவர் படம் போட்டிருந்தார். அச்சுப்பிழை என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். அச்சுப்பிழை இல்லை. முன்பு ஃபுயி, ஃபுவே இரண்டுக்கும் அந்தக் கோடு உண்டு. ஸ்பானிய மொழிக் கழகம் 1959இல் எழுத்து விதிகளை மாற்றியபோது எடுத்துவிட்டது. உங்கள் புத்தகம் அதற்கு முந்தின வழக்கு. கோட்டைப் போடாமல் எழுதிப் பழகுங்கள், புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள்.

4 மே, வேர்வையோடு

மதியம் இரண்டரைக்குக் கரண்ட் போனது. மல்லி நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது, அம்மா கொல்லையிலிருந்து “கரண்ட் போயிருச்சா?” என்று கத்தினாள். வாயில் தானாக வந்தது: சே ஃபுவே லா லூஸ்.

சத்தியமாக இதை நான் மொழிபெயர்க்கவில்லை. கரண்ட் போனால் அங்கே எல்லாரும் சொல்கிற வாக்கியமே இதுதான். வெளிச்சம் போய்விட்டது.

அதில் அந்த ‘சே’யைக் கவனியுங்கள். ஃபுவே என்றால் போனான். சே ஃபுவே என்றால் போய்விட்டான், கிளம்பிப் போயாயிற்று, இனி இங்கே இல்லை. நம்முடைய ‘விடு’ செய்கிற வேலை. ‘தங்கச்சி மதுரைக்குப் போனாள்’ என்றால் எங்கே என்பதில் கவனம். ‘தங்கச்சி போயிட்டா’ என்றால் இங்கே இல்லை என்பதில் கவனம். அவர்களும் இதே கோட்டில்தான் பிரிக்கிறார்கள். ஒரு பெரியவர் இறந்தால் நாம் ‘போயிட்டார்’ என்கிறோம், அவர்களும் சே ஃபுவே என்பதுண்டு.

பஸ்ஸை விட்டுவிட்டால் தென் அமெரிக்காவில் “சே மே ஃபுவே எல் புஸ்” என்பார்கள். பஸ் எனக்குப் போய்விட்டது. குற்றம் பஸ்ஸின் மேல், நம் மேல் இல்லை. பாம்பன் பாலத்துப் பக்கம் நின்று இதைச் சொல்லாத ஆள் யார்?

‘விடு = சே’ என்று விதி எழுதலாம் என்று கை துறுதுறுக்கிறது. போன மாதம் பட்டது போதும். இந்த ஒரு வினைக்கு மட்டும் பொருந்துகிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

5 மே

மறந்துவிட்டேன். அக்கா மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது நாம் ‘எப்படிப் போச்சு?’ என்று கேட்டோமே, அதுவும் அப்படியே. கோமோ தே ஃபுவே? பதில்: மே ஃபுவே பியேன், எனக்கு நல்லாப் போச்சு. அவள் சொன்ன பதில் வேறு, அதை விடுங்கள்.

9 மே

கோபமாக ஒரு செய்தி. ‘போனான், போனாள், போனார், போனது, எல்லாத்துக்கும் ஃபுவே தானா? மரியாதையே கிடையாதா?’

உண்டு, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. முன்னால் நிற்கிறவரிடம் ‘நீ போனியா’ என்றால் ஃபுயிஸ்தே. ‘நீங்க போனீங்களா’ என்றால் ஃபுவே. மரியாதைக்குரிய ‘நீங்கள்’ எப்போதும் படர்க்கை வினையைத்தான் எடுக்கும். நான் ஒருமுறை ஈக்வடாரின் குவாயாகில் துறைமுகத்தில், கப்பலுக்கு வழிகாட்ட ஏறின அறுபது வயது பைலட்டிடம் காபியை நீட்டிக்கொண்டே ஃபுயிஸ்தே என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரில் பெரியவரை ‘என்னப்பா போனியா’ என்று கேட்டுவிட்டால் வயிற்றுக்குள் ஒன்று புரளுமே, பின்னால் யோசித்தபோது அது புரண்டது. தெரியாதவரிடம் ஃபுவே போட்டுப் பேசுங்கள்.

20 மே, இரவு. இது கொஞ்சம் நீளம்

எல்லாரும் கேட்டுக்கொண்டே இருக்கிற ஃபுயி–ஈபா வித்தியாசத்தை எழுதலாம் என்று ஒரு வாரமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு. ஃபுயி, போனேன், முடிந்தது. ஈபா என்பதும் போனதுதான், ஆனால் முடிந்ததா என்று அது சொல்லாது. ஆப்பில் ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்று போட்டிருக்கிறது. பாதிதான் சரி. மீதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பத்தா.

அப்பத்தா பிறந்து வளர்ந்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் புயலில் ஊர் போனபோது அப்பத்தாவுக்குப் பதினேழு வயது. இன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மல்லி தொடுத்துக்கொண்டே யாரிடமோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தது. நான் போனில் ஈபா, ஈபாஸ், ஈபாமோஸ், ஈபான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் இது விழுந்தது:

“மெட்ராஸ்லருந்து ரயிலு வரும். சனம் எறங்கும். அங்கிட்டுத் தலைமன்னாருக்குக் கப்பல் நிக்கும். எங்கய்யா கருவாட்டுச் சிப்பத்தத் தூக்கிட்டு ரயிலடிக்குப் போவாரு. நாங்க பின்னாலயே போவோம். பொட்டல் மணல்ல கால் சுடும். ஓடி ஓடிப் போவோம்.”

வரும், இறங்கும், நிற்கும், போவார், போவோம். அறுபது வருடத்துக்கு முந்தின சங்கதி, ஒரு வினைகூட இறந்தகாலத்தில் இல்லை! பள்ளிக்கூடத்தில் இதை எதிர்காலம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாம் வழக்கமாக நடந்ததைச் சொல்ல இதைத்தான் எடுக்கிறோம், எடுக்கிறோம் என்பதே தெரியாமல். ஸ்பானிஷில் ‘போவோம்’ அத்தனையும் ஈபாமோஸ். ‘அய்யா போவாரு’ ஈபா.

அப்பத்தா பூவைக் கீழே வைத்தது. நாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னது:

“அன்னைக்கு ராத்திரி தண்ணி வந்துச்சு. அய்யா கதவத் தொறந்தாரு. போனோம். மேட்டப் பாத்துப் போனோம்.”

வந்துச்சு, திறந்தார், போனோம். ஃபுயிமோஸ். கதை புயலைத் தொட்ட இடத்தில் வினை மாறுகிறது. அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஸ்பானிஷ்காரரும் சரியாக அதே இடத்தில்தான் மாற்றுவார். வழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறவரை ஈபாமோஸ், ஒரு நாள் ஒரு தடவை நடந்தது ஃபுயிமோஸ்.

அந்த ராத்திரி பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் போனது. அதைப் பற்றி அப்பத்தா பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை.

21 மே

நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. இரண்டு திருத்தம்.

ஒன்று, ஈபா எப்போதும் ‘போவேன்’ இல்லை. ‘சந்தைக்குப் போகும்போது அவனைப் பார்த்தேன்’ என்பதில் உள்ள போவதும் ஈபாதான், பார்த்தது மட்டும் முடிந்த காலம். அந்த அளவில் ஆப் சொன்னதும் சரி. பாதி சரி என்றேனே, அதே பாதி.

இரண்டு, பாய் சொன்னது. ‘தினமும்’ என்று வந்தால் ஈபா என்று சில ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘பத்து வருஷம் தினமும் கடலுக்குப் போனேன்’ என்று சொல்லிப் பாருங்கள். தினமும் இருக்கிறது, ஆனாலும் ஸ்பானிஷில் ஃபுயி. பத்து வருஷம் என்று வேலி போட்டுவிட்டோம். இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், தமிழிலும் ‘பத்து வருஷம் தினமும் போவேன்’ என்று பழைய கதைக்கு வராது. நாக்கு நிற்கிறது. ‘அப்பல்லாம் தினமும் போவேன்’ வரும். ஆகவே சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். போவேன் உட்கார்ந்தால் ஈபா. போனேன்தான் உட்காரும் என்றால் பெரும்பாலும் ஃபுயி.

‘பெரும்பாலும்’ என்று போட்டிருக்கிறேன். பாய் கவனிக்கவும்.

23 மே

அப்பத்தா சொன்ன இன்னொரு வாக்கியம் இரண்டு நாளாக உறுத்துகிறது. “தனுஷ்கோடி பெரிய ஊரா இருந்துச்சு.” இதை செர் வினையில் போடவேண்டும். ஏரா (‘போ’வுக்கு ஈபா மாதிரி, செருக்கு இது) என்று போடவா, ஃபுவே என்று போடவா? இரண்டுமே இலக்கணப்படி சரி. ஏரா என்றால் அந்தக் காலத்துக்குள்ளேயே போய் நின்று பார்க்கிற மாதிரி, ஸ்டேஷன், கப்பல், கோயில், சர்ச் எல்லாம் சுற்றி நிற்கும். ஃபுவே என்றால் இன்றைக்கு இங்கிருந்து பார்த்துக் கணக்கை முடிக்கிற மாதிரி.

போசனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக் கேட்டேன். புயலையும் சொன்னேன். “உன் பாட்டி சொன்னால் ஏரா, சர்க்கார் போர்டில் எழுதினால் ஃபுவே” என்றார். அப்புறம் “கோமோ எஸ்தாஸ், முய் போனீத்தோ?” என்று வழக்கம்போல முடித்தார்.

2 ஜூன்

ஈபாவில் ஒரு சின்னச் சமாச்சாரம். எதையோ சொல்ல வாயெடுத்து மறந்துபோனால் நாம் ‘என்னமோ சொல்ல வந்தேன்’ என்போம். அவர்கள் ஈபா அ தெசீர், ‘சொல்லப் போனேன்’. நாம் வருகிறோம், அவர்கள் போகிறார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் நாம் ‘இந்தா வர்றேன்’, அவர்கள் யா போய், ‘இந்தா போறேன்’. அங்கே போய் ‘வர்றேன்’ என்று மொழிபெயர்த்துச் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஆனால் ‘விழப் போனேன்’, ‘விழப் பாத்தேன்’ என்கிறோமே, அதில் பாதி அவர்கள் கட்சி.

இதில் வேறு என்னமோ சொல்ல வந்தேன். ஈபா அ தெசீர். மறந்துவிட்டது.

15 ஜூன், காலை

நேற்றோடு தடை முடிந்தது. மூன்றரைக்கே தெருவில் ஐஸ் வண்டிச் சத்தம். கச்சான் காற்று வேறு தூக்கி அடிக்கிறது. பக்கத்து வீட்டுச் சித்தப்பா டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் பேத்தி, நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல், “தாத்தா, போறியா? ‘மே போய்’ சொல்லு!” என்றது. மே போய் என்றால் கிளம்புகிறேன். சித்தி பாய்ந்து வந்து பிள்ளையின் வாயைப் பொத்தினாள். கடலுக்குப் போகிற ஆளிடம் போறியா என்று கேட்கிறதா? எனக்கும் சேர்த்து விழுந்தது.

ஆக, ‘போயிட்டு வர்றேன்’ என்பதற்கு இந்த வினையில் ஒன்றும் கிடையாது. ‘ஆஸ்தா லுவேகோ’ என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் போவதும் இல்லை, வருவதும் இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் இருக்கிறது. சித்திக்கு அது பிடிக்குமா என்று தெரியவில்லை.

மண்டபத்துத் தம்பி கடைசியாகக் கேட்டிருந்தது: நான் ஐந்து வடிவம்தானே எழுதினேன், ஆப்பில் ஆறு இருக்கிறதே என்று. ஆறாவது ஃபுயிஸ்தெயிஸ், ‘நீங்களெல்லாம் போனீர்கள்’. ஸ்பெயினில்தான் அது புழக்கம். தென் அமெரிக்காவில் அதற்கும் ஃபுவேரோனே. நான் ஓடின துறைமுகங்களில் யார் வாயிலும் கேட்டதில்லை, அதனால் விட்டுவிட்டேன். நீ ஸ்பெயினுக்கு எழுதிப்போடுகிறாய் என்றால் படித்து வை.

எனக்கு 24ஆம் தேதி சைன் ஆன், கப்பலில் வேலைக்கு ஏறுகிற நாள். இந்தத் தடவை ஐரோப்பாப் பக்கம், ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் துறைமுகம் உண்டு என்றார்கள். அப்படியானால் ஃபுயிஸ்தெயிஸை நானும்தான் படிக்கவேண்டும்.